கப்பல் பாயிலா வரைந்தார்கள்? பழைய போர்த்துகல் ஓவியங்களின் துணியைப் பற்றி

லிஸ்பனுக்குச் சுற்றுலா சென்ற இடத்தில், பழைய போர்த்துகீசிய ஓவியர்கள் கிழிந்த கப்பல் பாய்களை வெட்டித்தான் படம் வரைந்தார்கள் என்று வழிகாட்டி ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அருங்காட்சியகத்தில் படங்களுக்குக் கீழே இருந்த அட்டைகளில் ‘துணிமேல் எண்ணெய் வண்ணம்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. வழிகாட்டி சொன்னது உண்மையா என்று கேட்கிறீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. வண்ணத்துக்கு அடியில் கிடக்கும் துணி என்ன துணி, அது எங்கிருந்து வந்தது, அதை எப்படிப் பக்குவப்படுத்தினார்கள், இவற்றில் எதை உறுதியாகச் சொல்லலாம்? நான் பதில் சொல்ல விரும்புவது இதற்கு. பாய்க் கதைக்கான விடை வழியிலேயே கிடைத்துவிடும்.

எண்ணெய் ஓவியங்களைச் சீரமைப்பது என் தொழில்; இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதில் இரண்டு ஆண்டுகள் லிஸ்பனில் பயிற்சி பெற்றேன். படங்களின் முகத்தைவிட முதுகைப் பார்த்த நேரமே எனக்கு அதிகம். நான் கலை வரலாற்றாசிரியன் அல்லன். பழைய ஒப்பந்தங்களையும் கணக்கேடுகளையும் படித்து ஆராயும் பயிற்சி எனக்கு இல்லை. ஆகவே கீழே எழுதுவது பொருளைத் தொட்டுப் பார்த்தவனின் பதில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், போர்த்துகலில் ஓவியம் துணியில் தொடங்கவில்லை. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பெரிய ஓவியம் என்றால் மரப்பலகைதான். லிஸ்பனின் தேசியப் பழங்கலை அருங்காட்சியகத்தில் நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், நூனோ கொன்சால்வெஸ் 1470-ஐ ஒட்டி வரைந்ததாகக் கருதப்படும் புனித வின்சென்ட் பலகைகள், ஆறு பலகைகளில் அறுபதுக்கு நெருக்கமான முகங்கள். அவை ஓக் மரம். லிஸ்பன் பட்டறைகள் பயன்படுத்திய நல்ல ஓக், பால்டிக் கடலோரக் காடுகளிலிருந்து கப்பலில் வந்தது. ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியர்கள் பயன்படுத்தியதும் அதே மரம்தான். உள்நாட்டுக்குள், மலைப்பகுதியான விசேவ் நகரத்தில் வாஸ்கோ ஃபெர்னாண்டெஸ் என்ற பெரும் ஓவியரின் பட்டறையைப் பார்த்தால், அங்கே பலகை செஸ்ட்நட் மரமாக இருக்கும். துறைமுகத்துக்கு அருகில் இருந்தவர்களுக்குக் கடல் கொண்டுவந்த மரம், மலையில் இருந்தவர்களுக்கு மலையில் வளர்ந்த மரம். இந்த எளிய கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; துணிக்கு வரும்போது இதே கணக்கு மறுபடி வரும்.

பலகைக் காலத்திலும் துணியில் வரைவது தெரியாத வித்தையாக இருக்கவில்லை. தூக்கிச் செல்ல வேண்டியவை, மடித்து வைக்க வேண்டியவை, சில நாள்களுக்கு மட்டும் தேவைப்படுபவை எல்லாம் துணியில் வரையப்பட்டன. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை மிசெரிகோர்தியா அறநிலையங்களின் ஊர்வலக் கொடிகள். லிஸ்பனில் 1498-இல் அரசி லியோனோரின் ஆதரவில் தொடங்கிய இந்த அறநிலையம், பிறகு நாடெங்கும், கோவா வரைக்கும் கிளைவிட்டது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கொடி. ஒரு பக்கத்தில், தன் மேலாடையை விரித்து அரசனையும் ஆண்டியையும் ஒன்றாகக் காக்கும் மாதா. மறுபக்கத்தில், மகனின் உடலை மடியில் கிடத்தியிருக்கும் மாதா. பிணம் அடக்கும் ஊர்வலத்திலும் பெரிய வியாழன் ஊர்வலத்திலும் காற்றில் ஆடிக்கொண்டே போக வேண்டிய படம் அது. மரத்தில் அதைச் செய்ய முடியாது. இரண்டு பக்கமும் வண்ணம் ஏறிய துணி எவ்வளவு அவதிப்படும் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள்தான் அறிவார்கள்: ஒரு முகம் சுருங்கும்போது மறு முகம் இழுபடும், முதுகு என்று ஒன்று இல்லாததால், கிழிந்தால் பின்னால் துணி வைத்து ஒட்டவும் வழியில்லை. பழைய கொடிகள் பலவற்றில் வண்ணத்துக்குமேல் வண்ணமாக மூன்று நான்கு தலைமுறைகளின் கைகள் படிந்திருப்பது அதனால்தான்.

அடுத்து அரசகுல உருவப்படங்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் அரண்மனைகள் படங்களைத்தான் முன்னால் அனுப்பின. சுருட்டி அனுப்பக்கூடிய படம் என்பது அங்கே பெரிய வசதி. கிறிஸ்டோவாவோ டி மொராய்ஸ் 1571-இல் வரைந்த இளம் மன்னர் செபாஸ்டியனின் படம், கவசம் அணிந்து பக்கத்தில் நாயுடன் நிற்பது, துணியில்தான் இருக்கிறது. அதே ஆண்டுகளில் தேவாலயப் பீடங்களுக்கு இன்னும் பலகைதான். துணி ஒரே நாளில் மரத்தைத் துரத்திவிடவில்லை. அவரவர் தேவைக்கேற்ப அங்கங்கே நுழைந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளுக்குள் தராசு துணிப் பக்கம் சாய்கிறது. 1580 முதல் 1640 வரை போர்த்துகல் ஸ்பெயின் மன்னர்களின் கீழ் இருந்ததும், இத்தாலிய, ஸ்பானிய வழக்கங்கள் நேராக வந்து சேர்ந்ததும் ஒரு காரணம். சுவர் முழுதும் நிறைக்கும் தொடர் ஓவியங்களைத் துறவறச் சபைகள் கேட்கத் தொடங்கியது இன்னொரு காரணம். லிஸ்பனில் சாவோ ரோக்கே தேவாலயத்தின் திருப்பொருள் அறைக்குள் நீங்கள் போயிருந்தால், ஆந்த்ரே ரெய்னோசோவும் அவருடைய பட்டறையினரும் 1619-ஐ ஒட்டி வரைந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்க்கையைப் பார்த்திருப்பீர்கள். இருபது படங்கள், எல்லாம் துணி. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே வாழ்ந்த அதே சவேரியார்தான். கோவாவில் அவர் பிரசங்கம் செய்யும் காட்சி அந்த வரிசையில் உண்டு. இருபது பெரிய ஓக் பலகைகளுக்கு ஆகும் செலவையும் எடையையும் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். பலகையை உலர்த்த வேண்டும், இணைக்க வேண்டும், இணைப்புகள்மேல் துணிப்பட்டை ஒட்ட வேண்டும், பூச்சுப் போட்டு இழைக்க வேண்டும். துணிக்குச் சட்டம் போதும்.

அந்தத் துணி எது? இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியது: பெரும்பாலும் ஆளிச்செடியின் நாரில் நெய்த லினன். ஆளிவிதை எண்ணெய் தரும் அதே செடி. வண்ணத்தைக் குழைக்கும் எண்ணெயும் வண்ணத்தைத் தாங்கும் துணியும் ஒரே பயிரிலிருந்து வந்தவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. வட போர்த்துகலில், குறிப்பாக மின்யோ பகுதியில், ஆளி குடியானவர் வீட்டுப் பயிர். வசந்தத்தில் விதைக்கும் ஒரு வகை, இலையுதிர்காலத்தில் விதைக்கும் ஒரு வகை என இரண்டு உண்டு. தண்டை ஓடைநீரில் ஊறப்போட்டு அழுகவிட்டு, உலர்த்தி, அடித்து, முள்சீப்பில் சீவுவார்கள். சீப்பில் நீளமாகத் தங்குவது நல்ல நார். கீழே உதிரும் குட்டை நாரில் நெய்த முரட்டுத் துணிக்கு எஸ்டோப்பா என்று பெயர். வீட்டுப் பெண்கள் கையால் நூற்ற நூல் அது. அதனால்தான் 17-ஆம் நூற்றாண்டுத் துணியில் ஓர் இழை பருத்தும் அடுத்தது மெலிந்தும் வரும், இடையிடையே முடிச்சு தெரியும், பாவும் (நெடுக்கு இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஒரே எண்ணிக்கையில் இருக்காது. நெசவு பெரும்பாலும் சாதா நெசவு, ஒன்று மேலே ஒன்று கீழே. சாய்வரி நெசவும் மீன்முள் நெசவும் அவ்வப்போது கிடைக்கும். மேசைவிரிப்புக்கு நெய்யும் கட்டம் போட்ட துணியில் வரைந்தவர்களும் ஸ்பெயினும் போர்த்துகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில் உண்டு. ஓவியர் எல் கிரெக்கோ அப்படி வரைந்தது தெரிந்ததே. அத்தகைய விரிப்புக்கும் கைதுடைக்கும் துணிக்கும் போர்த்துகீசியர் சொல்லும் ‘தொஆல்யா’ என்ற சொல்லிலிருந்துதான் நம் துவாலை வந்தது. நம் வீட்டுக் கொடியில் தொங்கும் சொல் அவர்களுடைய மேசையிலிருந்து வந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துணியின் அகலத்தை ஒரு தனி மனிதரின் கைநீளம் தீர்மானித்தது. நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து எறிந்து அந்தப் பக்கத்தில் பிடிக்க வேண்டும் என்பதால் கைத்தறித் துணி ஓர் அளவுக்கு மேல் அகலமாக இராது. ஆகவே பெரிய படம் என்றால் தையல் கட்டாயம். இரண்டு, மூன்று, சில பீடப்படங்களில் அதற்கும் மேற்பட்ட துண்டுகளைக் கரையோடு கரை சேர்த்துத் தைத்துவிட்டுத்தான் வரைவார்கள். நல்ல பட்டறை, தையல் முகத்தின் குறுக்கே வராதபடி பார்த்துக்கொள்ளும். பயிற்சிக் காலத்தில் ஒரு பீடப்படத்தின் முதுகிலிருந்த பழைய ஒட்டுத்துணியை நாங்கள் சிறுகச் சிறுக நீக்கியபோது வெளிப்பட்ட தையலை நான் மறக்கவில்லை. மூன்று துண்டுகளில் ஒன்று மட்டும் வேறு நெசவு. துணி போதாமல் போய், கையில் கிடைத்ததைச் சேர்த்திருக்கிறார்கள். முன்னால் வந்து பார்த்தால், அந்தத் துண்டின் மேலிருந்த வானம் மட்டும் வேறு மாதிரி வெடித்திருந்தது. அதுவரை அந்த வெடிப்பை ஓவியரின் அவசரத்துக்குக் கணக்கு எழுதியிருந்தோம்.

இப்போது கப்பல் பாய்க்கு வருகிறேன். இதே கதை வெனிஸ் ஓவியர்களைப் பற்றியும் சொல்லப்படுகிறது. கடலும் கப்பலும் உள்ள ஊரில் இது தானாக முளைக்கும் கதை. இதில் இரண்டு செய்திகள் கலந்துவிடுகின்றன, அவற்றைப் பிரித்துவிட வேண்டும். பாய்த்துணி என்பது வேறு, பாய் என்பது வேறு. போர்த்துகலில் பாய்த்துணி நெசவு பெரிய தொழில். வடக்கே விலா டோ கோண்டே பகுதியின் பாய்த்துணி பேர்பெற்றது. பாய்க்கும் கயிற்றுக்கும் வேண்டிய ஹெம்ப் நாரைத் திரட்ட, உள்நாட்டில் டோரே டி மொன்கோர்வோ என்ற ஊரில் அரசுப் பண்டகசாலையே இருந்தது. ஹெம்ப் என்பது கஞ்சா இனச் செடியின் நார்; நம்மூர்ச் சணலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இப்படித் தடித்த, வலுவான, புதிய துணி துறைமுக நகரத்தில் விற்பனைக்குக் கிடைத்தபோது, ஓவியர் ஒருவர் அதில் சில முழம் வாங்கி வரைந்திருக்கலாம். நடக்கக்கூடியதுதான். முரட்டு நெசவுள்ள பெரிய படங்களைக் காணும்போது எனக்கே அந்த எண்ணம் வந்திருக்கிறது.

ஆனால் கடலில் ஓடித் தேய்ந்த பாயை வெட்டி வரைந்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியாது. தொழில் தெரிந்தவர்கள் அதைச் செய்யமாட்டார்கள் என்பதே காரணம். மாதக்கணக்கில் காற்று இழுத்த துணி ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் இறுகியும் இருக்கும். சட்டத்தில் சமமாக இழுத்துக் கட்ட வராது. இழைகளுக்குள் உப்பு ஏறியிருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் வந்தால் அடியில் பூசிய பசை இளகும். பசை இளகினால் வண்ணம் உதிரும். வெயிலும் பூஞ்சணமும் தின்ற நார் ஆணி அடித்த இடத்திலேயே கிழியும். வீட்டு லினன் எங்கும் கிடைத்த நாட்டில் இவ்வளவு கெட்ட துணியை நாடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. நான் கையாண்ட படங்களில் பழைய பாயின் அடையாளம் எதையும், பாய்க்கு உரிய கயிற்றுக் கண்களையோ மடிப்புத் தையலையோ, கண்டதில்லை. நான் கையாண்டவை ஒரு நாட்டின் ஓவியங்களில் கைப்பிடி அளவுதான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். ஓரளவு தெரியும். துணியின் விளிம்பிலிருந்து ஓர் இழையின் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பருத்தி உடனே தெரிந்துவிடும், முறுக்கிய நாடா போல இருக்கும். ஆளிக்கும் ஹெம்புக்கும் வேறுபாடு காண்பதுதான் கடினம். இரண்டும் மூங்கில் கணுப் போன்ற கணுக்களோடு ஏறக்குறைய ஒரே தோற்றம். அதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. நனைந்த நாரின் நுனி நம்மை நோக்கியிருக்குமாறு பிடித்துக் காயவிட்டால், ஆளி கடிகாரமுள் செல்லும் திசையில் முறுகும். ஹெம்ப் எதிர்த்திசையில் முறுகும். அழகான சோதனை, ஆனால் முன்னூறு ஆண்டு பழைய பசையிலும் எண்ணெயிலும் ஊறிய நாரில் அது எப்போதும் தெளிவாக வராது. நார் ஹெம்ப் என்று தெரிந்தாலும் பாய்த்துணி என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் ஹெம்பில் சாக்கும் நெய்தார்கள், வீட்டுத் துணியும் நெய்தார்கள். ஆளி என்று தெரிந்தாலும் அது மின்யோவில் விளைந்ததா, வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியதா என்பதை இழை சொல்லாது.

இழை எண்ணிக்கை வேறொரு வழி. எக்ஸ்ரே படத்தில் துணியின் கண்ணிகளுக்குள் இறங்கிய பூச்சு, நெசவை அச்சு எடுத்தாற்போல் காட்டும். ஒரு சென்டிமீட்டருக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணலாம். இப்போது கணினியே படம் முழுதும் எண்ணிவிடுகிறது. வான்கோவின் படங்களில் எவையெவை ஒரே சுருளிலிருந்து வெட்டிய துணி என்பதை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். போர்த்துகல் படங்களில் இதற்கு ஓர் இடைஞ்சல் உண்டு. எக்ஸ்ரேயை நன்றாகத் தடுப்பது ஈயம். அடிப்பூச்சில் ஈய வெள்ளை இருந்தால் நெசவு பளிச்சென்று தெரியும். 17-ஆம் நூற்றாண்டுப் படங்களில் அடிப்பூச்சு பெரும்பாலும் காவி மண். அது எக்ஸ்ரேயை அவ்வளவாகத் தடுப்பதில்லை. நெசவு மங்கலாகவே விழும்.

அந்த மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தின் தோற்றத்தைத் துணியைவிட அதிகம் தீர்மானித்தது அதுதான். லிஸ்பனில் 1615-இல் அச்சான ஃபிலிப்பே நூனெஸ் என்ற துறவியின் ஓவியக் கலை நூலில், எண்ணெய் ஓவியத்துக்குத் துணியை ஆயத்தப்படுத்தும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. போர்த்துகீசிய மொழியில் ஓவியரின் கைப்பக்குவத்தைச் சொல்லும் பழைய அச்சு நூல் அது. பொதுவான முறை இது. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டு, பசை கொடு, உலர்ந்ததும் தேய்த்து முடிச்சுகளை அடக்கு, பிறகு எண்ணெயில் அரைத்த பூச்சைப் பரப்பு. பசை என்பது நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்வார்களே, அந்த இனம்தான்; விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது. ஐபீரிய ஓவியர்கள் கையுறை தைப்பவரிடம் மிஞ்சும் மெல்லிய தோல் துணுக்குகளைக் காய்ச்சிய பசையை விரும்பினார்கள். அது மென்மையானது, உலர்ந்தபின் உடையாது. நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போடுவது நூலை விறைப்பாக்க. ஓவியர் பசை ஏற்றுவதற்குக் காரணம் வேறு. எண்ணெய் நாரைத் தொட்டால் நார் சில பத்தாண்டுகளில் பழுத்துப் பொடியாகும். நாருக்கும் எண்ணெய்க்கும் நடுவில் பசை ஒரு வேலி.

பலகைக் காலத்தில் அடிப்பூச்சு வெள்ளை; போர்த்துகலில் பெரும்பாலும் ஜிப்சம். வடக்கு ஐரோப்பியர் சீமைச் சுண்ணாம்பைப் பயன்படுத்திய இடத்தில் தெற்கு நாடுகள் ஜிப்சத்தைப் பயன்படுத்தின. ஆனால் ஜிப்சமும் பசையும் சேர்ந்த கெட்டிப் பூச்சு, சுருட்டும் துணியில் நிற்காது, வெடிக்கும். வளைந்து கொடுக்கும் எண்ணெய்ப் பூச்சுக்கு மாறியபோது நிறமும் மாறியது. ஸ்பெயினின் செவில்லே நகரத்து ஓவியர்கள் தங்கள் ஆற்றங்கரைக் களிமண்ணையே உலர்த்திப் பொடித்து ஆளிவிதை எண்ணெயில் அரைத்துப் பூசினார்கள். அதைவிடச் சிறந்த அடிப்பூச்சு இல்லை என்று அந்த நகரத்து ஆசிரியரான பச்சேகோ எழுதியிருக்கிறார். போர்த்துகல் இந்த உலகத்துக்கு அடுத்த வீடு. ஜொசெஃபா டி ஒபிடோஸ் என்ற பெண் ஓவியர் பிறந்ததே செவில்லேயில்தான், 1630-இல். போர்த்துகீசியரான அவருடைய தந்தை பால்தசார் கோமெஸ் ஃபிகெய்ராவும் ஓவியர். ஜொசெஃபா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ஒபிடோஸுக்குத் திரும்பியது. ஜொசெஃபா சிறிய படங்களைச் செப்புத் தகட்டிலும் பெரியவற்றைத் துணியிலும் வரைந்தார். சாந்தாரெம் நகரத்தில் உள்ள, 1676-ஆம் ஆண்டுத் தேதியிட்ட அவருடைய இனிப்புப் பண்டங்களின் படத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சீனியும் மெழுகு போன்ற மெருகும் இருட்டிலிருந்து எழுந்து வருகின்றன. ஆழ்ந்த நிறத் தரையின்மேல், அதாவது அடிப்பூச்சின்மேல், ஒளியை மட்டும் கெட்டியாக வைத்து, நிழலை மெல்லியதாக விடுவது அந்தக் காலத்தின் முறை.

மண் தரை வேலையைச் சுருக்கியது. நிழல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஒளியை மட்டும் வைத்தால் உருவம் எழுந்துவிடும். பென்டோ குவெல்யோ டா சில்வெய்ரா போன்ற ஓவியர்கள் நூற்றுக்கணக்கான படங்களைத் தேவாலயங்களுக்குக் கொடுக்க முடிந்ததில் இந்தத் தரைக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. இதை நான் நிறுவப்பட்ட உண்மையாகச் சொல்லவில்லை. ஆனால் விளைவு நிச்சயம். எண்ணெய் வண்ணம் வயதாக ஆகக் கண்ணாடி போலத் தெளிகிறது. மேலே மெல்லியதாகப் பூசிய நிறத்தை ஊடுருவி அடியிலிருந்த மண்ணின் இருள் மேலேறுகிறது. இன்று இருண்டு கிடக்கும் படங்களைக் கண்டு அக்கால ஓவியருக்கு இருட்டில்தான் ஆசை என்று நினைத்துவிடக் கூடாது. டொமிங்கோஸ் வியெய்ரா என்ற ஓவியருக்கு ‘இருளர்’ என்றே பட்டப்பெயர். அவர் விரும்பியே இருளை ஆண்டவர். மற்றவர்களின் இருளில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு மண்ணுடையது என்பதைப் படம் படமாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சுத்தம் செய்தால் வெளுத்துவிடும் என்று நம்பித் தேய்த்துத் தேய்த்து, மீந்திருந்த மெல்லிய நிழலையும் அழித்துவிட்ட படங்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மூலைகள் அசையாத சட்டம்தான். செஸ்ட்நட் அல்லது பைன் மரம். மூலையில் ஆப்பு வைத்துத் தட்டி இறுக்கும் சட்டம் பிற்பாடு வந்தது. துணியை ஆணியால் அல்லது கயிற்றால் இழுத்துக் கட்டிப் பசை கொடுத்தபோது, இழுத்த இடமெல்லாம் இழைகள் வளைந்து அப்படியே உறைந்துவிடும். எக்ஸ்ரேயில் ஓரம் நெடுக மாவிலைத் தோரணம் தொங்குவதுபோல் அந்த வளைவுகள் தெரியும். நான்கு ஓரத்திலும் தோரணம் இருந்தால் படம் அநேகமாக முழு அளவில் இருக்கிறது. ஓர் ஓரத்தில் இல்லையென்றால் அங்கே யாரோ வெட்டியிருக்கலாம், அல்லது முன்பே பூசிய பெரிய துணியிலிருந்து எடுத்த துண்டாக இருக்கலாம்.

போர்த்துகலுக்கே உரிய ஒரு துணிப் படத்தையும் சொல்ல வேண்டும். அங்குள்ள, பரோக் என்ற ஆடம்பரப் பாணியில் கட்டிய தேவாலயங்களின் தங்கமுலாம் பூசிய மரப்பீடத்தின் நடுவில் பெரிய மாடம் ஒன்று திறந்திருக்கும். உள்ளே படிப்படியாக உயரும் நற்கருணைச் சிம்மாசனம். திருவிழா நாளில் மட்டும் அது வெளிப்படும். மற்ற நாள்களில் மாடத்தின் வாயை ஒரு பெரிய ஓவியத் துணி மூடியிருக்கும். உருளையில் சுருட்டியோ மேலும் கீழும் நகர்த்தியோ அதை விலக்குவார்கள். கோயிலில் திரை விலகும் நேரத்து மனநிலை நமக்குத் தெரிந்ததே. அங்கே திரையே ஓர் ஓவியம். ஆண்டுக்கு ஆண்டு ஏற்றி இறக்கிய அந்தத் துணிகளில் குறுக்கே வரிவரியாக வெடிப்பு ஓடியிருக்கும். அதை அடைக்க முயல்வதற்கு முன், அந்த வெடிப்பு படத்தின் வாழ்க்கைக் குறிப்பு என்பதை நினைவில் கொள்வது என் வழக்கம்.

ஈரம்தான் இந்தத் துணிகளின் பெரும்பகை. படத்தைத் தாங்குவது துணி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் வறண்ட காற்றில் இழுவிசையைச் சுமப்பது பசைப் படலம். அது சுருங்கி விறைக்கும்போது துணிக்கு வேலையே இருக்காது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும்போது கதை தலைகீழாகும்: பசை இளகிவிடும், நூல்கள் பருத்துத் துணி சுருங்கும், மேலிருக்கும் வண்ணத்துக்கு அந்தச் சுருக்கத்தைத் தொடர வழியில்லாமல் கூரைபோல் எழும்பி உதிரும். கடற்காற்றும் தடித்த கல் சுவரும் உள்ள தேவாலயங்களில் இது ஆண்டுதோறும் நடக்கும். மாஃப்ராவில் ஐந்தாம் ஜோவாவோ மன்னர் கட்டி 1730-இல் திருநிலைப்படுத்திய பேராலயத்துக்காக இத்தாலிய ஓவியர்களிடம் பீடப்படங்கள் வரவழைக்கப்பட்டன. கல் மாளிகையின் ஈரம் அவற்றைக் கெடுத்ததால், 1750-களில் தொடங்கி அலெசாந்த்ரோ ஜுஸ்தியின் சிற்பப் பள்ளி செதுக்கிய பளிங்குப் புடைப்புச் சிற்பங்கள் அந்த இடங்களுக்கு வந்தன. அதே மன்னர் சாவோ ரோக்கேயில் வைக்க ரோமில் செய்வித்து 1747-இல் லிஸ்பனுக்குக் கப்பலேற்றிய புனித யோவான் சிற்றாலயத்தில், தொலைவிலிருந்து ஓவியம் போலத் தெரிபவை மொசைக் கற்கள்.

பிறகு 1755 நவம்பர் 1. நிலநடுக்கமும் தீயும் லிஸ்பனில் எவ்வளவு ஓவியத்தைக் கொண்டுபோயின என்பதற்கு அளவில்லை. ஆற்றங்கரை அரண்மனையோடு அரச சேகரிப்பும் போயிற்று. நகரம் மறுபடி எழுந்தபோது ஒரே நேரத்தில் அத்தனை தேவாலயங்களுக்கும் படம் வேண்டியிருந்தது. பெட்ரோ அலெக்சாண்ட்ரினோ டி கார்வால்யோ என்ற ஓவியர் தம் நீண்ட வாழ்நாளில் லிஸ்பன் தேவாலயங்களை நிறைத்தது அப்போதுதான். துணி இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

எஞ்சிய பழைய படங்களுக்கு அடுத்த அடி 1834-இல் விழுந்தது. துறவற மடங்கள் அரசாணையால் கலைக்கப்பட்டன. படங்கள் கழற்றப்பட்டு லிஸ்பனின் பழைய சாவோ பிரான்சிஸ்கோ மடத்தில் கொண்டுவந்து குவிக்கப்பட்டன. கழற்றிய துணி கிழியும். கிழிந்ததற்கு முதுகில் புதுத் துணி ஒட்டுவார்கள். முதலில் மாவும் வச்சிரமும் கலந்த பசை. 20-ஆம் நூற்றாண்டில் தேன்மெழுகும் பிசினும். ஒவ்வொரு முறையும் சூடு, ஈரம், அழுத்தம். தடித்த வண்ணத்தின் மேடுகள் படிந்து தட்டையாகும். மெழுகு ஊறிய மண் தரை இன்னும் இருளும். அதைவிடப் பெரிய இழப்பு, பழைய முதுகு மறைந்துவிடுவது. நெசவு, எழுத்து, முத்திரை, பழைய தையல் எல்லாம் புதுத் துணிக்குள் புதைந்துவிடும். 1974-இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் கூடிய ஒரு மாநாட்டில்தான் உலகச் சீரமைப்பாளர்கள் இந்தப் பழக்கத்தை நிறுத்தி யோசிக்க முடிவெடுத்தார்கள். என் தலைமுறை, முடிந்தவரை ஒட்டாமல் விடும் தலைமுறை. கிழிசலை இழை இழையாகப் பிணைத்துச் சேர்க்கிறோம். போர்த்துகல் துணிகளைப் பற்றிய நம் அறிவில் இவ்வளவு ஓட்டை இருப்பதற்கு முதன்மைக் காரணம் இந்த ஒட்டுத்துணிகள்தான். முதுகு திறந்திருக்கும் 17-ஆம் நூற்றாண்டுப் படம் கிடைத்தால் அது எங்களுக்குத் திருநாள்.

19-ஆம் நூற்றாண்டில் நிலைமை எளிது. பாரிஸ் சென்று படித்த ஓவியர்கள் அங்கேயே வெள்ளைப் பூச்சோடு விற்ற, இயந்திரம் நெய்த சீரான துணியை வாங்கினார்கள். வணிகரின் முத்திரை பல நேரங்களில் முதுகிலேயே இருக்கிறது. உங்கள் கேள்வி அந்தக் காலத்தைப் பற்றியதன்று என்பதால் இத்தோடு விடுகிறேன்.

ஆகவே உங்கள் வழிகாட்டியின் கூற்றுக்கு என் பதில்: கடலில் ஓடிய பாய் என்றால், இல்லை; புதிய பாய்த்துணி என்றால், சில படங்களில் இருக்கக்கூடும், ஆனால் அந்தந்தப் படத்தின் நாரையும் நெசவையும் காட்டிச் சொல்ல வேண்டும்; பொதுவாக, வீட்டு நூலில் நெய்த லினன். அடுத்த முறை சாவோ ரோக்கேக்குப் போகும்போது படங்களுக்கு நேர் எதிரே நிற்காமல், சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் பக்கமாக ஓரடி தள்ளி நில்லுங்கள். மேலிருந்து கீழாகவோ குறுக்காகவோ ஒரு நேர்கோடு மெல்லப் புடைத்துத் தெரிந்தால் அது தையல். நிழல்களில் வண்ணம் தேய்ந்த இடத்தில் செம்பழுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிவது மண் தரை. காவலர் அனுமதித்தால், அதே இடத்தில் பாவு எது ஊடை எது என்றும் பார்த்துவிடலாம். பிடித்த படம் ஒன்றின் ஒளிப்படத்தை இங்கே இட்டால் என்னால் முடிந்த அளவு படித்துச் சொல்கிறேன்.